ஸ்டெம் செல் ஊசிக்காக நகையை அடகு வைக்க வேண்டாம், ஆச்சி

மகளுக்கு ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் (உடலின் எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்கும் நோய்), ஸ்டெம் செல் (குருத்தணு) ஊசிக்காக நகையை அடகு வைக்கலாமா என்று தேவகோட்டையிலிருந்து கேட்டிருந்தீர்கள். வேண்டாம் ஆச்சி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சையெல்லாம் ஆய்வு நிலைதான். ஆய்வென்றால் நோயாளியிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டாலே சந்தேகப்படுங்கள். மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் சிடிஆர்ஐ பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள்.

என் அம்மாவுக்கும் இதே நோய்தான். காரைக்குடியிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் அலைந்த நாட்கள் மறக்காது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும், எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசதியோபிரினும் பெரும்பாலானவர்களுக்குக் கேட்கும். ஆனால் அசதியோபிரின் முழுதாக வேலை செய்ய மாதங்கள் ஆகும். ஸ்டீராய்டால் முகம் உப்புகிறதே என்று மகள் தானாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, ஸ்டீராய்டை டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அப்புறம், இவை கேட்காவிட்டால் டாக்ரோலிமஸ் போன்ற மாற்று மருந்துகளும் உண்டு. கல்லீரல் நிபுணரிடம் அதைக் கேளுங்கள்.