பேண்ட்சாவில் நகைப்பெட்டி: கேள்வி பதில்

கேள்வி: பேண்ட்சாவில் (நாடாபோல் சுற்றி ஓடும் பிளேடால் மரம் அறுக்கும் இயந்திரம்) ஒரே கட்டையில் பெட்டியும் டிராயரும் எடுக்க எதை முதலில் அறுப்பது சார்?

பதில்: வெளிவடிவம் வந்ததும் பின்பலகைதான். 5 அங்குலக் கனக் கட்டையின் பின்பக்கத்தில் 3 நூல் கனத்துக்கு (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) பலகையாக அறுத்துச் சீவி, தனியே எடுத்து வையுங்கள். டிராயரை அறுத்த பிறகு இதை நினைத்தால் பெட்டிக்கு முதுகு கிடைக்காது. அடுத்து அடிப்பக்கமாக பிளேடை நுழைத்து, டிராயர் வடிவத்தைச் சுற்றி, நுழைந்த வழியிலேயே வெளியே வாருங்கள். கழன்று வரும் கட்டையில் முன்னும் பின்னும் 2 நூல் சீவுங்கள். நடுத்துண்டை ‘ப’ வடிவில் மிஞ்சும்படி குடைந்து, சீவியவற்றைப் பழைய இடத்திலேயே ஒட்டினால் டிராயர். சீவுமுன் ஒரு பக்கத்தில் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுவிடுங்கள். மர ரேகை மாறாமல் சேர்க்கலாம். அடி வளைந்த டிராயர் சீவும்போது உருளும். இரட்டைப்பக்க டேப்பால் சதுரக்கட்டையோடு பிடித்துக்கொள்ளுங்கள். கையை நம்பவே வேண்டாம்.

பிளேடு நுழைந்த வாயைப் பசையிட்டு கிளாம்பால் மூடுங்கள். உள்பக்கத்தை உப்புத்தாள் போட்டு முடித்த பிறகே பின்பலகையை ஒட்டுங்கள்.

கேள்வி: டிராயர் பின்பக்கமாக நுழைகிறது, முன்பக்கமாக இறுகுகிறது. ஏன் அண்ணா?

பதில்: மேசை பிளேடுக்குச் செங்குத்தாக இல்லை. 5 அங்குலக் கனத்தில் அரை டிகிரி சாய்வே ஏறக்குறைய 1 மி.மீ. தின்றுவிடும். மூலைமட்டத்தை (செங்கோணம் பார்க்கும் கருவி) பிளேடின் பக்கவாட்டில், பற்களைத் தொடாமல் வைத்துப் பாருங்கள். முனைகளில் சரியாக இருந்து நடுவில் மட்டும் பிடித்தால், பிளேடு உள்ளே வில்லாக வளைந்திருக்கிறது: மழுங்கல், இழுவிசைக் குறைவு, அவசரத் தள்ளல், மூன்றில் ஒன்று.

கேள்வி: எந்த பிளேடு?

பதில்: 2 நூல் அகலம், அங்குலத்துக்கு 6 பல். 5 நூல் ஆரம் வரை திரும்பும். 1 நூல் பிளேடு ஒன்றரை நூல் ஆரத்தில் திரும்பும்; கனமான கட்டையில் அலையும். பாதியில் பின்வாங்குவதானால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வாங்குங்கள். ஓடும்போது இழுத்தால் பிளேடு சக்கரத்தைவிட்டுக் கழன்றுவிடும்.

கேள்வி: டிராயர் முகம் 2 மி.மீ. உள்ளே போய்விட்டது.

பதில்: இரண்டு சீவலிலும் பிளேடு தின்ற மரம் அது. டிராயரின் பின்னால் அதே கனத்தில் மரத்தகடு ஒட்டுங்கள்.

கேள்வி: தேக்கில் பசை விடுகிறது ஐயா.

பதில்: எண்ணெய்ப்பசை உள்ள மரம். ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடைத்து, காய்ந்ததும் உடனே ஒட்டுங்கள்.

கேள்வி: உள்ளே என்ன பூசலாம்?

பதில்: அரக்கு பாலிஷ். மூடிய டிராயருக்குள் எண்ணெய் பூசினால் வாடை மாதக்கணக்கில் போகாது. வெள்ளி வைப்பதானால் கம்பளித்துணி விரிக்காதீர்கள், அதிலுள்ள கந்தகம் கறுக்க வைக்கும்.