புரொஜெக்டரில் பாடம் காட்டும்போது லேப்டாப் லாக் ஆகிறது. லாக்கையே எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள். நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ் மீடியத்தில் பாடம் எடுக்கிறேன். வகுப்பு லேப்டாப்பிலேயே சம்பூர்ணா என்ற கேரளப் பள்ளி மாணவர் பதிவுத் தளத்தையும் திறந்து வைத்திருப்போம். பிள்ளைகளின் பெயர், முகவரி, பெற்றோர் விவரம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. பெல் அடித்து டீச்சர் வெளியே போனதும் கீபோர்டைச் சுற்றி எத்தனை பேர் நிற்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

கீபோர்டையும் மவுஸையும் கொஞ்ச நேரம் தொடாவிட்டால், முன்னால் ஆள் இல்லை என்றே லேப்டாப் எடுத்துக்கொள்ளும். புரொஜெக்டர் மாட்டியிருப்பது அதற்கு ஒரு பொருட்டில்லை. வீடியோவை முழுத்திரையில் ஓடவிட்டால் பெரும்பாலும் பிளேயரே திரையை அணையவிடாது. பாடப்பொருள்கள் கிடைக்கும் சமக்ரா தளத்திலிருந்து எடுத்த பிடிஎஃப் பாடத்தை நிறுத்திவைத்து விளக்கும்போதுதான் தொல்லை. இலையின் படத்தைக் காட்டி, "இலைத்துளை எங்கே இருக்கு?" என்று கேட்டு, ஒரு பிள்ளை எழுந்து வந்து கை வைப்பதற்குள் படம் போய்விடும்.

நம் கேரளப் பள்ளி லேப்டாப்களில் இருக்கும் கைட் லினக்ஸ் என்ற இயங்குதளம், உபுண்டு என்ற லினக்ஸின் மேல் கட்டியது. அதன் 22.04 பதிப்பு என்றால் செட்டிங்ஸில் பிரைவசி, அதில் ஸ்கிரீன் என்று போங்கள். அங்கே இரண்டு நேரம் தனித்தனியாக இருக்கும்: சும்மா இருந்தால் எப்போது திரை அணைய வேண்டும், அணைந்த பிறகு எப்போது லாக் விழ வேண்டும். பலரும் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு இரண்டாவதைப் பார்ப்பதே இல்லை. முதலாவதை 15 நிமிடம், இரண்டாவதை 30 நிமிடம் என்று வையுங்கள். இடையில் திரை அணைந்தாலும் மவுஸை லேசாக அசைத்தால் போதும், பாஸ்வேர்டு கேட்காமல் பாடம் திரும்ப வந்துவிடும்.

இப்படி வைத்தால் வகுப்பை விட்டு வெளியே போகும்போது விண்டோஸ் கீயோடு எல் அழுத்துவது கட்டாயம். மூடியைச் சாத்தினால் லாக் ஆகிவிடும் என்று நம்பிப் போகாதீர்கள். புரொஜெக்டரோ மானிட்டரோ மாட்டியிருந்தால், மூடியைச் சாத்தினாலும் உபுண்டு வழக்கமாகத் தூங்காது.

வீட்டு லேப்டாப் விண்டோஸ் என்றால், மூடிவைத்து மானிட்டரில் வேலை பார்க்க கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் மூடிக்கான அமைப்பை மாற்றலாம். சார்ஜர் மாட்டியிருக்கும்போது மட்டும் 'எதுவும் செய்யாதே' என்று வைத்து, பேட்டரிக்கு 'ஸ்லீப்' என்றே விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பைக்குள் ஓடிக்கொண்டே இருந்து சூடாகிவிடும்.