நோமட்டில் ஓடிய டாஸ்க்கின் லாக்கைக் கட்டளை வரியில் பார்ப்பது எப்படி? எனக்கு வெறுமையாகவே வருகிறது

உங்கள் சிக்கல் இது: பல கணினிகளில் வேலைகளைப் பங்கிட்டு ஓட்டும் நோமட் மென்பொருளில், இரவுதோறும் ஓட வேண்டிய அறிக்கை வேலை தோற்றுப்போகிறது, ‘நோமட் அலாக் லாக்ஸ்’ என்று கொடுத்தால் ஒரு வரிகூட வருவதில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சிங்கப்பூரில் உள்ள சேர்வர்களைக் கவனிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், தேடும் இடத்தை மாற்றினால் காரணம் அநேகமாகக் கிடைத்துவிடும்.

நோமட்டில் லாக் (புரோகிராம் ஓடும்போது எழுதும் பதிவு) சேர்வது ஜாப்பின் பெயரில் அல்ல, அலொக்கேஷனின் பெயரில். ஜாப் என்பது நீங்கள் எழுதிக் கொடுத்த திட்டம்; அதில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமும் ஒரு டாஸ்க். அதை ஏதோ ஒரு கணினியில் இறக்கி ஓட்டும்போது அலொக்கேஷன் உருவாகிறது. ஆகவே முதலில் ‘நோமட் ஜாப் ஸ்டேட்டஸ்’ கொடுத்து, கீழே வரும் பட்டியலில் எட்டு எழுத்து அடையாளத்தை எடுங்கள்.

நேரம் குறித்து ஓடும் வேலைகளில் இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். தாய் ஜாப்பின் கீழ் அலொக்கேஷன் எதுவும் இருக்காது. ஒவ்வொரு முறையும் ஒரு சேய் ஜாப் உருவாகும். தாயின் பெயர், ஒரு சாய்கோடு, ‘பீரியாடிக்’ என்ற சொல், பிறகு ஒரு நீண்ட எண். அந்த எண் 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகள். சேயின் பெயருக்கு மறுபடி ஸ்டேட்டஸ் கேட்டால்தான் அலொக்கேஷன் தெரியும். நேர வலயத்தையும் பாருங்கள். குறிப்பிடாவிட்டால் நோமட் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தையே கொள்ளும். இரவு 2 மணி என்று எழுதியது நமக்குக் காலை 7.30க்கு ஓடும். நாங்கள் எல்லா ஜாப்பிலும் ‘ஏசியா/கொழும்பு’ என்று எழுதிவிடுகிறோம்.

அடுத்து, ‘அலாக் லாக்ஸ்’ தானாகக் காட்டுவது வழக்கமான வெளியீட்டை மட்டும்தான். பிழைச் செய்திகள் பெரும்பாலும் ஸ்டாண்டர்ட் எரர் என்ற தனி வெளியீட்டுக்குப் போகின்றன. அதற்குரிய ‘எஸ்டிடிஎர்’ தெரிவை அலொக்கேஷன் அடையாளத்துக்கு முன்னால் சேருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட டாஸ்க் இருந்தால் டாஸ்க்கின் பெயரைக் கடைசியில் கொடுக்க வேண்டும்.

இந்த இரண்டு வெளியீடுகளும் வெறுமையாக இருந்தால்? எங்கள் குழுவில் உள்ள தம்பி ஒருவர் இதே நிலையில் இரவு அழைத்தார். “அண்ணா, ஒன்றுமே இல்லை, ஆனால் வேலை செத்துக்கிடக்கிறது” என்றார். ‘நோமட் அலாக் ஸ்டேட்டஸ்’ கொடுக்கச் சொன்னேன். அதன் நிகழ்வுப் பகுதியில் ‘எக்சிட் கோட் 137’ என்று இருந்தது. அருகிலேயே நினைவகம் போதாமல் கொல்லப்பட்டதற்கான குறிப்பும் இருந்தது. எக்சிட் கோட் என்பது புரோகிராம் முடியும்போது விட்டுச்செல்லும் எண்; சிக்னலால் கொல்லப்பட்டால் 128உடன் அந்தச் சிக்னலின் எண் கூடி வரும். 128உடன் 9ஐக் கூட்டினால் 137. உடனே கொல்லும் கட்டளையான ஒன்பதாம் சிக்னல் வந்தால் புரோகிராமுக்கு ஒரு சொல் எழுதவும் அவகாசம் கிடைக்காது. ஜாப் கோப்பில் மெமரி அளவு குறிப்பிடப்படவில்லை. அப்படி விட்டால் நோமட் ஒதுக்குவது 300 மெகாபைட்தான். மாத இறுதி அறிக்கைக்கு அது எங்கே காணும்? அந்த டாஸ்க் பைதனில் எழுதப்பட்டது என்பதும் இன்னொரு காரணம். பைதன் தன் வெளியீட்டைத் தேக்கிவைத்தே விடும். இடையில் கொல்லப்பட்டால் தேங்கிய வரிகளும் அதோடு போய்விடும். ‘பைதன்அன்பஃபர்ட்’ என்ற சூழல் மாறியை 1 என்று வைத்தால் வரிகள் உடனுக்குடன் லாக்கில் விழும். டாஸ்க் தொடங்கவே இல்லை என்றாலும், உதாரணமாக கன்டெய்னர் இமேஜை (புரோகிராமும் அதற்குத் தேவையானவையும் அடங்கிய பொதியை) இறக்க முடியாமல் போனாலும், காரணம் இந்த நிகழ்வுப் பகுதியில்தான் கிடைக்கும். என்னைக் கேட்டால் லாக்குக்கு முன்பே இதைப் பார்க்க வேண்டும்.

மின்சாரம் நின்று கைப்பேசி இணைப்பில் வேலை செய்யும் நேரங்களில் முழு லாக்கையும் இழுக்காதீர்கள். ‘டெயில்’ தெரிவுடன் ‘என் 50’ கொடுத்தால் கடைசி ஐம்பது வரிகள் மட்டும் வரும். ஓடிக்கொண்டிருப்பதைத் தொடர்ந்து பார்க்க ‘எஃப்’. உலாவியில் திறப்பதைவிட இது எவ்வளவோ இலகு.

தாமதிக்கவும் வேண்டாம். லாக் இருப்பது டாஸ்க் ஓடிய கணினியிலேயே. பொதுவான களஞ்சியம் எதுவும் நோமட்டில் இல்லை. இயல்பாக ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 10 மெகாபைட் அளவில் 10 கோப்புகள் வரைதான் வைத்திருக்கும். அதற்கு மேல் பழையவை அழியும். முடிந்துபோன அலொக்கேஷன்களையும் அது அவ்வப்போது துப்புரவாக்கிவிடும். வேலை வேறு கணினிக்கு மாற்றப்பட்டிருந்தால் அடையாளமும் புதிது, தோற்றதன் லாக் பழைய அடையாளத்திலேயே இருக்கும். ஆகவே தோற்ற அலொக்கேஷன் கண்ணில் பட்டதும் இரண்டு வெளியீடுகளையும் தனித்தனிக் கோப்பில் இறக்கி வைத்துவிட்டுப் பிறகு ஆராயுங்கள்.