நீர்த்த நொதி ஏன் கணக்கைவிடக் குறைவாக வேலை செய்கிறது?

கேள்வி: உயிர்வேதியியல் ஆய்வகத்தில் நொதியின் செறிவை மாற்றி மாற்றி வினைவேகத்தை அளக்கிறேன். ஸ்டாக்கைக் (அடர்த்தியான மூலக் கரைசலை) கொஞ்சம் நீர்த்தால் கணக்கு சரியாக வருகிறது. அதிகம் நீர்த்தால் வேகம் எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைந்துவிடுகிறது. செறிவு குறைந்தால் புரதத்தின் அமைப்பே மாறிவிடுமா?

பதில்: மாறலாம். உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் நிற்கிறது.

நொதி வினையின் வேகத்தைக் கணக்கிடும் மைக்கேலிஸ்-மென்டன் சமன்பாட்டின்படி நொதி பாதியானால் வேகமும் பாதியாக வேண்டும். ஆனால் அந்தச் சமன்பாடு கேட்பது குழாயில் உள்ள மொத்தப் புரதத்தை அல்ல. சரியாக மடிந்து, துணை அலகுகள் (நொதியின் தனித்தனிச் சங்கிலிகள்) சரியாகச் சேர்ந்து, வேலை செய்யத் தயாராக இருக்கும் மூலக்கூறுகளை மட்டும்தான். புரத அளவை அறிய 280 நானோமீட்டர் ஒளியில் எடுக்கும் அளவீடு இதைச் சொல்லாது. டிரிப்டோஃபான், டைரோசின் என்ற அமினோ அமிலங்கள் இருந்தால் ஒளியை உறிஞ்சும், சங்கிலி குலைந்து கிடந்தாலும் உறிஞ்சும். சாயத்தைச் சேர்த்துப் புரதத்தை அளக்கும் பிராட்ஃபோர்டு முறையும் அப்படித்தான்.

எச்ஐவியின் புரோட்டியேஸ் நொதியைப் பாருங்கள். தலா 99 அமினோ அமிலங்கள் கொண்ட, ஒரே மாதிரியான இரண்டு சங்கிலிகள் சேர்ந்தால்தான் அது நொதி. வினையை நடத்த இரண்டு அஸ்பார்டிக் அமிலங்கள் வேண்டும். ஒவ்வொரு சங்கிலியும் தன் 25ஆம் இடத்திலிருந்து ஒன்றைத் தருகிறது. ஆக, வினை நடக்கும் கிளர்வு மையமே இரண்டு சங்கிலிகளும் சந்திக்கும் இடுக்கில்தான் உருவாகிறது. பிரிந்துவிட்டால் ஆளுக்குப் பாதி வேலை என்று எதுவும் மிஞ்சாது. சேர்வதும் பிரிவதும் ஒரு சமநிலை. நீர்க்க நீர்க்க, பிரிந்த சங்கிலிக்கு ஜோடி கிடைப்பது அரிதாகி, சமநிலை பிரிவின் பக்கம் சாய்கிறது. பெப்டைடு பிணைப்பு ஒன்றுகூட உடைவதில்லை, சங்கிலிகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும் நான்காம் நிலை அமைப்பு மட்டும் கலைகிறது.

உங்கள் நொதி ஒற்றைச் சங்கிலி என்றால் இந்த விளக்கம் பொருந்தாது. அப்போது குழாயின் சுவரைச் சந்தேகப்படுங்கள். புரதம் பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடத்திலேயே மடிப்புக் குலையவும் கூடும். அடர்த்தியான ஸ்டாக்கில் இந்த இழப்பு தெரியாது. மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராம் மட்டுமே இருக்கும் கரைசலில் அதுவே பெரும்பங்காகிவிடும்.

வேகத்தை நொதிச் செறிவுக்கு எதிராக வரைந்த வரைபடத்தை மட்டும் பார்த்து இந்த இரண்டையும் பிரித்தறிவது கடினம். இரண்டிலும் கோட்டின் அடிப்பகுதி தொய்ந்துதான் இருக்கும். அதனால் ஒரு சோதனை செய்யுங்கள். நீர்க்கும் பஃபரில் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசலில்) மில்லிலிட்டருக்கு 0.1 முதல் 1 மில்லிகிராம் வரை பிஎஸ்ஏ (மாட்டு சீரம் ஆல்புமின்) சேர்த்து ஒரு தொகுதி, சேர்க்காமல் ஒரு தொகுதி. நீர்த்த உடனே ஒரு முறை, அரை மணி நேரம் ஐஸில் வைத்து மறுபடி ஒரு முறை அளந்து பாருங்கள். பிஎஸ்ஏ நொதிக்குப் பதிலாகச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்; ஆகவே அதைச் சேர்த்ததும் சரியாகிவிட்டால் குற்றவாளி பெரும்பாலும் சுவர்தான். சேர்த்தும் சரியாகாமல், நேரம் ஆக ஆக வேகம் குறைந்து ஒரு மட்டத்தில் நின்றால், துணை அலகுகள் பிரிவதற்கே வாய்ப்பு அதிகம். ஒன்றை மறக்க வேண்டாம்: பிஎஸ்ஏவும் புரதம்தான், எனவே புரத அளவீட்டை அதைச் சேர்ப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அப்புறம், செல்வின் என்ற ஆய்வாளர் 1965இல் சொன்ன சோதனை. எனக்கு மிகவும் பிடித்தது, செலவே இல்லாதது. விளைபொருளின் அளவை நேரத்துக்கு எதிராக வரையாமல், நொதிச் செறிவையும் நேரத்தையும் பெருக்கி வரும் எண்ணுக்கு எதிராக வரையுங்கள். எல்லாச் செறிவுகளின் புள்ளிகளும் ஒரே வளைவில் விழ வேண்டும். விழாவிட்டால், வினை நடக்கும்போதே நொதி செயலிழக்கிறது அல்லது பிரிகிறது என்று சந்தேகிக்கலாம்.

வேகம்-செறிவு வரைபடத்தின் மேல் முனையும் தட்டையானால் அதற்குப் புரத அமைப்பைக் குறை சொல்ல வேண்டாம். நொதி அதிகமாகி, நீங்கள் முதல் அளவீட்டை எடுப்பதற்குள் வினைபடு பொருள் கணிசமாகத் தீர்ந்துபோயிருக்கும். முதல் 5 முதல் 10 சதவீதம் தீர்வதற்குள் வேகத்தை எடுத்துவிட்டால் அந்தப் பகுதி நேராகிவிடும்.