4 லட்சம் கையில இருக்கு, மாடியில சோலார் போடவா இல்ல சோலார் ஷேர் வாங்கவா?

கேள்வி: திருநெல்வேலில சொந்த வீடு, ரிட்டயர்டு டீச்சர். 2 மாசத்துக்கு 900 யூனிட் ஓடுது, 2 ஏசி இருக்கு. மருத்துவச் செலவுக்குன்னு வச்சிருக்குற 4 லட்சம் கையில இருக்கு. 25 வயசு தம்பி மகன் சோலார் கம்பெனி ஷேர் வாங்குங்க அத்தை, கவர்ன்மெண்ட் பாலிசியே அந்தப் பக்கம்தான்னு சொல்றான். சோலார் போட வர்றவரு 5 கிலோவாட் போடுங்கன்றாரு. என்ன செய்யட்டும்?

பதில்: டீச்சர், முதல்ல உங்க கரண்ட் பில்லை எடுத்து வச்சுக்கோங்க, ஏன்னா பதில் அதுலதான் இருக்கு. 2024 ஜூலை ரேட்படி 900 யூனிட்டுக்கு கிட்டத்தட்ட 5,940 ரூபா வரும். 100 யூனிட் ஃப்ரீ, ஆனா 600 தாண்டினா யூனிட் 9.65, 800 தாண்டினா 10.70. அதாவது சோலார் முதல்ல வெட்டுறது உங்க பில்லோட காஸ்ட்லியான மேல் பகுதியை. 3 கிலோவாட் நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்கு சராசரியா 12 யூனிட் குடுக்கும்னு வச்சா 2 மாசத்துக்கு 720, மிச்சம் 180 யூனிட்டுக்கு 200 ரூபாகூட வராது. சின்னச் சின்ன சார்ஜ், மழை மாசம் எல்லாம் கழிச்சாலும் வருஷம் 30,000 மிச்சம்.

செலவு? 3 கிலோவாட்டுக்கு சுமாரா 2 லட்சம், அதுல பிஎம் சூர்ய கர் திட்டத்துல 78,000 மானியம் உங்க பேங்க் கணக்குக்கே வந்துரும். கையிலேர்ந்து போறது 1.2 லட்சம் பக்கம், 4 வருஷத்துல திரும்பிடும், பேனலுக்கு 25 வருஷ வாரண்டி (இன்வெர்ட்டர் நடுவுல ஒரு தடவை மாத்த வேண்டி வரலாம், அதுக்கு கொஞ்சம் ஒதுக்கி வைங்க). இது வருமானம் இல்ல, மிச்சம், அதனால டாக்ஸும் கிடையாது. இதே உங்க பில் 450 யூனிட்டா இருந்தா 1,500 ரூபாதான் வந்திருக்கும், போட்ட காசு திரும்ப 13 வருஷம் ஆகும், வேண்டாம்னே சொல்லிருப்பேன்.

5 கிலோவாட் வேண்டாம். மானியம் 3 கிலோவாட்டோட நின்னுடுது, அதுக்கு மேல போடுறது முழுக்க உங்க காசு. அதிகமா உற்பத்தி பண்ணி ஈபிக்கு வித்து சம்பாதிக்கலாம்னு யாராச்சும் சொன்னா தயவுசெஞ்சு நம்பாதீங்க, ஏன்னா அந்த விலையை முடிவு பண்றது நாம இல்ல. தமிழ்நாட்டுலயே 2012 பாலிசில நெட் மீட்டர் (நாம ஈபிக்கு அனுப்புற யூனிட்டை நாம எடுக்குற யூனிட்லேர்ந்து அப்படியே கழிக்கிற முறை) இருந்துச்சு, 2019 பாலிசில அதை மாத்தி நாம அனுப்புற கரண்டுக்கு தனி கம்மி விலைன்னாங்க, 2021ல வீடுகளுக்கு மட்டும் நெட் மீட்டர் திரும்ப வந்துச்சு. அமெரிக்கால கலிஃபோர்னியா 2023 ஏப்ரல்ல புதுசா போடுறவங்க வெளிய அனுப்புற கரண்டுக்குக் குடுக்குற விலையை முக்கால்வாசி குறைச்சிருச்சு, அங்க எத்தனையோ சோலார் கம்பெனி ஆட்டம் கண்டுச்சு. நாமளே உற்பத்தி பண்ணி நாமளே செலவழிக்கிற யூனிட்டை எந்த பாலிசியும் அவ்வளவு சுலபமா தொட முடியாது.

ஷேர் வேண்டாம்னு நான் சொல்றதும் இதனாலதான். உங்க ஊர் கங்கைகொண்டான்லயே டாட்டா பவர் பெரிய சோலார் செல் (பேனலுக்குள்ள வெயிலை கரண்டா மாத்துற பாகம்), பேனல் ஃபேக்டரி கட்டிருக்கு, பார்க்கும்போது நல்ல காலம்தான்னு தோணும், தொழில் வளரும்ன்றதுல எனக்கும் சந்தேகம் இல்ல. ஆனா தொழில் வளர்றது வேற, ஷேர் வாங்கினவங்க சம்பாதிக்கிறது வேற. நாட்டுல பேனல் தயாரிக்கிற திறன் வருஷா வருஷம் நாம மாட்டுற அளவை விட ரொம்ப மேல போயிருச்சு, 2025ல அமெரிக்கா வரியை ஏத்துச்சு, 2026 ஜூன்லேர்ந்து சோலார் செல்லையும் அரசு அங்கீகரிச்ச பட்டியல்ல இருந்துதான் வாங்கணும்னு விதி, செல் ஃபேக்டரி இல்லாத கம்பெனிக்கு அது கஷ்டம். இந்தோசோலார்னு ஒரு கம்பெனி 2010ல இதே மாதிரி நம்பிக்கையோட ஐபிஓ (முதல் தடவையா பொதுமக்களுக்கு ஷேர் விக்கிறது) வந்துச்சு, கடைசில திவாலாகி வாரி (Waaree)ன்ற இன்னொரு சோலார் கம்பெனி கைக்கு போச்சு. தம்பி மகனுக்கு 25 வயசு, விழுந்தா எழ நேரம் இருக்கு. உங்களுக்கு இது மருத்துவச் செலவுக்கான காசு டீச்சர்.

3 கிலோவாட் போட்டுட்டு மீதியை சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்துல போடுங்க, 8.2% வட்டி, 3 மாசத்துக்கு ஒரு தடவை கைக்கு வரும். போடுறதுக்கு முன்னாடி தண்ணி டேங்க் நிழல் விழுதான்னு காலைலயும் சாயங்காலமும் பாருங்க, மானியம் கிடைக்க இந்தியாவுல செஞ்ச செல் உள்ள பேனல்தான் வேணும்ன்றதால அதை கொட்டேஷன்லயே எழுதி வாங்குங்க. பேட்டரி இல்லாத சிஸ்டம் கரண்ட் போனா ஓடாது, அதனால பழைய இன்வெர்ட்டரை வித்துறாதீங்க.