டாக்டர் பெயருக்குப் பின்னால் ஒன்றரை வரி

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. இரண்டு முழங்கால் மூட்டும் தேய்ந்துவிட்டது. படி ஏற முடியவில்லை. எங்கள் ஊர் நர்சிங் ஹோமிலேயே மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்கிறார்கள். சென்னையிலிருந்து ஞாயிறுதோறும் வரும் டாக்டர் செய்வாராம். போர்டில் அவர் பெயருக்குப் பின்னால் ஒன்றரை வரிக்கு எழுத்துகள். கூகுளில் 4.8 ஸ்டார். விசாரித்துப் பார்க்கலாம் என்றால், ‘டாக்டர்கிட்டயே சர்டிபிகேட் கேட்பியா?’ என்று அண்ணன் திட்டுகிறார். கேட்கலாமா? எங்கே பார்ப்பது?
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: சர்டிபிகேட் எல்லாம் வேண்டாம், மருத்துவ கவுன்சில் தரும் பதிவு எண் போதும். அது ரகசியமும் இல்லை. 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி, டாக்டர் தன் பதிவு எண்ணைக் கிளினிக்கில் எழுதி வைக்க வேண்டும். மருந்துச் சீட்டு, சான்றிதழ், பண ரசீது எல்லாவற்றிலும் போட வேண்டும். அம்மாவின் ஓ.பி. சீட்டை எடுத்துப் பாருங்கள். ரப்பர் ஸ்டாம்பில் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். இல்லையென்றால் ரிசப்ஷனில் கேளுங்கள். ‘இன்சூரன்ஸுக்கு வேண்டும்’ என்றால் முகம் சுளிக்காமல் தந்துவிடுவார்கள். அண்ணனுக்கும் சங்கடம் இருக்காது.

எண் கிடைத்ததும் இரண்டு இடங்களில் தேடலாம். ஒன்று தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளம். மற்றொன்று தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்தில் உள்ள இந்திய மருத்துவப் பதிவேடு (பழைய இந்திய மருத்துவ கவுன்சிலுக்குப் பதிலாக 2020 செப்டம்பரில் வந்ததுதான் இந்த ஆணையம்). பெயரை வைத்துத் தேடாதீர்கள். நம்மூரில் ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் கொண்டவர்கள் ஏராளம். எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஆள் மாறும். எண்ணைப் போட்டு, மாநில கவுன்சிலையும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக எண் கொடுப்பதால், அதே எண் கேரளத்தில் வேறொருவருக்கு இருக்கும். வருகிற விவரத்தில் பெயர் மட்டுமல்லாமல் படித்த பல்கலைக்கழகமும் முடித்த ஆண்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஐம்பது வயதுக்காரர் 2015-இல் எம்.பி.பி.எஸ். முடித்ததாக வந்தால், அந்த எண் வேறு யாருடையதோ என்று சந்தேகப்படலாம்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பதிவேட்டில் வெறும் எம்.பி.பி.எஸ். மட்டும் காட்டினால் உடனே ‘போலி’ என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். மேற்படிப்பைத் தனியாகப் பதிய வேண்டும். பதிந்தாலும் தேசியப் பதிவேட்டில் ஏறத் தாமதமாவதுண்டு. மாநில கவுன்சிலில் கேட்டால் தெளிந்துவிடும்.

சரி, அந்த ஒன்றரை வரி. எலும்பு மூட்டு அறுவைக்கு நீங்கள் தேட வேண்டியது எம்.எஸ். ஆர்த்தோ அல்லது டி.என்.பி. ஆர்த்தோ. இரண்டும் எலும்பு அறுவைக்கான மேற்படிப்புகள். டி.என்.பி. என்பது தேசியத் தேர்வு வாரியம் தருவது. ஏதோ மட்டமான பட்டம் என்று நினைக்க வேண்டாம். டி.ஆர்த்தோ இரண்டாண்டு டிப்ளமோ. எம்.சிஎச். இந்தியாவில் பெரும்பாலும் எம்.எஸ்.ஸுக்குப் பிறகு மூன்றாண்டு படிக்கும் பட்டம். அதே பெயரில் வெளிநாட்டில் குறுகிய காலத்தில் முடிகிற படிப்புகளும் உண்டு. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டால் எது என்று தெரிந்துவிடும். ‘எஃப்’ என்று தொடங்கும் ஃபெல்லோஷிப்கள் ஒரு ரகமில்லை. சில, பெரிய மருத்துவமனையில் ஒரு வருடம் கூடவே நின்று கற்றவை. சில, சில நாள் பயிற்சியோடு முடிந்தவை. சந்தா கட்டிச் சேர்ந்த சங்கங்களின் பெயரும் சில போர்டுகளில் பட்டம் போல நீண்டு நிற்கும். என் அனுபவத்தில், வரிசை நீளமாக இருப்பதற்கும் கை திறமையாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை.

ஸ்டாரை விட்டுவிடுங்கள். அதில் பாதி பார்க்கிங்குக்கும் ரிசப்ஷன் பெண்ணின் பொறுமைக்கும் கொடுத்தது. மருத்துவமனைப் பெயரும் காப்பாற்றாது. மத்தியப் பிரதேசத்தின் தமோ நகர மருத்துவமனை ஒன்றில், பிரிட்டன் இதய நிபுணர் ஒருவரின் பெயரைச் சூட்டிக்கொண்டு இதய சிகிச்சைகள் செய்ததாக ஒருவர் 2025 ஏப்ரலில் கைதானது நினைவிருக்கும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது எழுத்துகள் இல்லை, ‘ஞாயிறுதோறும் வரும்’ என்ற வார்த்தைகள்தான். அவர் மிக நல்ல சர்ஜனாகவே இருக்கலாம். ஞாயிறு மாலை கார் ஏறிவிடுவார். செவ்வாய் இரவு காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கினாலோ யார் வந்து பார்ப்பார்? மூட்டு மாற்றில் பயப்பட வேண்டிய கிருமித்தொற்றும் ரத்தக்கட்டும் பெரும்பாலும் அறுவை மேஜையில் தெரிவதில்லை, பிறகுதான் தெரியவரும். பதிவேடு இதையெல்லாம் சொல்லாது. நேரில்தான் கேட்க வேண்டும்: மாதத்துக்கு எத்தனை மூட்டு மாற்றுகிறீர்கள்? கத்தி பிடிக்கப்போவது நீங்களா, உங்கள் டீமில் வேறொருவரா? நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் பொறுப்பு யார், அவர் எலும்பு டாக்டரா? மயக்க மருந்து கொடுப்பவர் யார்? (அவர் பெயரை யாரும் கேட்பதே இல்லை. அவருக்கும் பதிவு எண் உண்டு.) நிறைய அறுவை செய்கிறவர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார், தினமும் யாராவது கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

சம்மதப் படிவத்தில் சர்ஜன் பெயருக்கான இடம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அறுவையின் தன்மை, ஆபத்து, மாற்று வழி எல்லாவற்றையும் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பதும் 1995-லேயே முடிவானது. அண்ணனிடம் இதையும் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு மூலத்துக்கு அறுவை செய்ய வேண்டும் என்கிறார் ஒருவர். போர்டில் ‘எம்.எஸ்.’ என்று மட்டும் இருக்கிறது. பதிவேட்டில் ஆளே இல்லை. போலியா?
– வாசகர், மதுரை

பதில்: அவசரப்பட வேண்டாம். ஆயுர்வேதத்திலும் எம்.எஸ். உண்டு. அறுவைப் பிரிவுகளில் அப்படி மேற்படிப்பு முடித்தவர்கள் செய்யக்கூடிய 58 சிகிச்சைகளை 2020 நவம்பரில் மத்திய அரசிதழில் பட்டியலிட்டார்கள். மூலமும் அதில் அடக்கம். அவர்களுடைய பதிவு இந்திய மருத்துவ முறைகளுக்கான வாரியத்தில் இருக்கும், நீங்கள் தேடிய இடத்தில் இருக்காது. ஆனால் எந்த முறை என்று போர்டில் சொல்லாமல் வெறும் ‘எம்.எஸ்.’ என்று நிறுத்திக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. நேராகக் கேளுங்கள். இரண்டு பதிவேட்டிலும் இல்லை என்றால் மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். கூடவே அந்தப் போர்டை ஒரு போட்டோ எடுத்து இணைத்துவிடுங்கள். அடுத்த வாரம் அது அங்கே இருக்கும் என்று நிச்சயமில்லை.