சர்வாதிகாரி வாங்கிய கடனுக்கு இன்று யாராவது பணம் தருவார்களா?

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறேன். பழைய பத்திரங்கள் விற்கும் ஒருவர், 1897ல் கரீபியன் நாடான டொமினிகன் குடியரசு வெளியிட்ட தங்கக் கடன் பத்திரங்கள் பன்னிரண்டை 1,800 யூரோவுக்குத் தருவதாகச் சொல்கிறார். "அதிபர் ஜெனரல் உலிசெஸ் எரோ சுட்டுக் கொல்லப்பட்டதால் கடன் திருப்பித் தரப்படவில்லை. அமெரிக்கா உத்தரவாதம் கொடுத்த கடன் இது. வட்டிச்சீட்டுகள்கூட வெட்டப்படாமல் இருக்கின்றன. 250 யூரோ கட்டிப் பதிவு செய்தால் வட்டியோடு வரும்" என்கிறார். அந்தக் காலத்து வெள்ளி பெசோ ஒன்றும் இலவசமாம். நம்பலாமா?

பதில்: வேண்டாம். 1,800 யூரோ கொடுக்காதீர்கள். அந்த 250 யூரோவை எந்தக் காரணம் சொல்லிக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். இந்தப் பத்திரங்களுக்கு இன்று பணம் தரும் கவுன்ட்டர் உலகத்தில் எங்கும் இல்லை. விற்பவர் சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் உண்மை: ஜெனரல் சுட்டுக் கொல்லப்பட்டார். மற்றதெல்லாம் அந்த உண்மையைச் சுற்றிக் கட்டியது. அவருடைய வாழ்க்கை கொஞ்சம் தெரிந்தால், கட்டியது எங்கே அவிழ்கிறது என்று நீங்களே பார்த்துவிடலாம்.

உலிசெஸ் எரோ 1845ல் புவெர்த்தோ பிளாத்தா துறைமுக ஊரில் பிறந்தவர். அப்பா ஹைட்டிக்காரர், அம்மா செயின்ட் தாமஸ் தீவைச் சேர்ந்தவர், குடும்பம் ஏழை. ஊரார் அவரை லிலிஸ் என்றே அழைத்தார்கள், வரலாற்றிலும் அந்தப் பெயர்தான் நின்றது. 1861ல் நாடு மறுபடி ஸ்பெயினோடு இணைக்கப்பட்டது. 1863 ஆகஸ்டில் அதை எதிர்த்துப் போர் வெடித்தபோது, அதே ஊர்க்காரரான கிரிகோரியோ லுப்பெரோனின் கீழ் சண்டையிட்டுத்தான் லிலிஸ் மேலே வந்தார். 1865ல் ஸ்பெயின் வெளியேறியது. 1880ல் லுப்பெரோனின் கட்சி ஆட்சியைப் பிடித்ததும் உள்துறை அவர் கைக்கு வந்தது. ஆயுதத்தோடு பிடிபட்டால் மரண தண்டனை என்ற 1881ஆம் ஆண்டு ஆணையைக் களத்தில் நிறைவேற்றியவரும் அவர்தான். 1882ல் அதிபர். இரண்டாண்டு இடைவெளி விட்டு, 1887 ஜனவரியில் மீண்டும் அதிபர். அதன் பிறகு சாகும்வரை நாற்காலியை விடவில்லை. அரசியல் சட்டத்தை மாற்றிப் பதவிக்காலத்தை நீட்டினார், தேர்தலைச் சடங்காக்கினார், வளர்த்துவிட்ட லுப்பெரோனையே நாட்டை விட்டுப் போக வைத்தார்.

உங்கள் கேள்விக்கு வேண்டியது இதற்கு அடுத்த பகுதி. துப்பாக்கியால் மட்டும் 12 ஆண்டு ஆள முடியாது. மாகாணத்துக்கு மாகாணம் தளபதிகளுக்குச் சம்பளம், எதிரிகளை வாங்கப் பணம், ஒற்றர்களுக்குக் கூலி, போர்க்கப்பல் என்று செலவு போய்க்கொண்டே இருந்தது. வரவு என்று இருந்தது துறைமுகச் சுங்கம் ஒன்றுதான். அந்தச் சுங்கத்தை ஈடாகக் காட்டி 1888ல் ஆம்ஸ்டர்டாமின் வெஸ்டென்டோர்ப் நிறுவனத்திடம் 7,70,000 பவுண்டு கடன் வாங்கினார், வட்டி 6 சதவீதம். 1890ல் புவெர்த்தோ பிளாத்தா முதல் சாந்தியாகோ வரை ரயில் போட இன்னொரு 9,00,000 பவுண்டு. கடன் கொடுத்தவர்களே துறைமுகத்தில் ஆள் வைத்துச் சுங்கம் வசூலிக்கலாம் என்று ஒப்பந்தம். லிலிஸ் என்ன செய்தார்? வணிகர்களிடம் அடுத்த சில மாதத்துச் சுங்கத்தைத் தள்ளுபடியில் முன்பணமாக வாங்கிச் செலவழித்துவிட்டார். ஈடு வைத்த பொருளையே பின்வாசல் வழியாக விற்ற கதை. உள்ளூரில் ஹுவான் பவுத்திஸ்தா விசினி போன்ற சர்க்கரை ஆலை முதலாளிகளிடமும் கடும் வட்டிக்கு வாங்கினார். நாட்டின் பணம் எது, தன் பணம் எது என்ற கணக்கே அவரிடம் கிடையாது.

இந்த வியாபாரத்தில் தரகர்களுக்கு எப்போதும் நல்ல அறுவடை, அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். லிலிஸுக்கு முன்பே, 1869ல், அதிபர் பயெஸ் காலத்தில் ஹார்ட்மான்ட் என்ற லண்டன் தரகர் 4,20,000 பவுண்டு கடன் ஏற்பாடு செய்தார். ஒப்பந்தப்படி அவருக்குக் கமிஷன் மட்டும் 1,00,000 பவுண்டு. அதையும் தாண்டி 7,57,700 பவுண்டுக்குப் பத்திரம் விற்றுத் தள்ளினார். அரசின் கைக்கு வந்தது 38,095 பவுண்டு. 1888 கடனில் ஒரு பகுதி இந்தப் பழைய ஓட்டையை அடைக்கவே போனது. அந்த 1888 கடனைப் பேசி முடித்த மர்செனா, பிறகு லிலிஸுக்கு எதிராக அதிபர் தேர்தலில் நின்றார். 1893ல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். லண்டன் தரகர் கமிஷனோடு போனார், உள்ளூர்த் தரகர் உயிரை விட்டார், பத்திரம் வாங்கிய சாதாரண மக்கள் கையில் காகிதம் மிஞ்சியது. இன்று உங்களிடம் வந்திருப்பது அந்தக் காகிதம்தான், வந்த வழியும் அதே தரகு வழிதான்.

இப்போது "அமெரிக்க உத்தரவாதம்". 1892ல் வெஸ்டென்டோர்ப் கைகழுவியதும், சான் டொமிங்கோ இம்ப்ரூவ்மென்ட் கம்பெனி என்று நியூயார்க்கிலிருந்து இயங்கிய நிறுவனம் கடனையும் சுங்க வசூலையும் எடுத்துக்கொண்டது. அது தனியார் கம்பெனி. பழைய கடனைப் புதுக் கடனால் மூடி, அதை இன்னொரு கடனால் மூடி, 1897ல் எல்லாவற்றையும் சேர்த்து 42,36,750 பவுண்டுக்குப் புதுப் பத்திரம் அச்சடித்தார்கள். உங்கள் பன்னிரண்டும் இந்தக் குவியலைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். பெரும்பாலும் பெல்ஜியத்திலும் பிரான்சிலும் விற்றார்கள். பாரிஸ் சந்தையில் இவை இன்றும் புழங்குவதற்குக் காரணம் அதுவே. டொமினிகன் என்ற பெயரைப் பார்த்து, அதே பெயருள்ள கத்தோலிக்கத் துறவியர் சபைக்குக் கடன் கொடுப்பதாக நினைத்த விவசாயிகளும் வாங்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. அமெரிக்க அரசு அந்த ஆண்டில் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவில்லை. நியூயார்க் என்று பத்திரத்தில் அச்சாகியிருந்தால் அது ஒரு கம்பெனியின் முகவரி, அவ்வளவுதான்.

1899 கோடையில் கஜானா காலி. அடித்துத் தள்ளிய காகித நோட்டை வணிகர்கள் வாங்க மறுத்தார்கள். அந்த நோட்டைத் திரும்பப் பெறப் பணம் திரட்ட லிலிஸ் நாட்டின் வடக்கே உள்ள சிபாவோ பகுதிக்குக் கிளம்பினார். ஜூலை 26 அன்று மோக்கா ஊரில், பிச்சை கேட்ட முதியவர் ஒருவருக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தபோது ரமோன் காசெரெஸும் ஹாகோபோ தெ லாராவும் சுட்டார்கள். லிலிஸ் திருப்பிச் சுட்டதில் அந்தப் பிச்சைக்காரரும் செத்தார்.

விற்பவர் கதையை இங்கே நிறுத்திவிடுகிறார். நிறுத்தினால்தான் அவருக்கு வியாபாரம். கடன் அதோடு சாகவில்லை. 1905 ஏப்ரல் முதல் அமெரிக்கா நியமித்த அதிகாரி சுங்கத்தை வசூலிக்கத் தொடங்கினார். 45 சதவீதம் அரசுக்கு, மீதி கடனுக்கு. 1907 பிப்ரவரியில் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் முன்னுரையிலேயே கணக்கு இருக்கிறது: முகமதிப்பில் 3 கோடி டாலருக்கு மேல் இருக்கும் கடன்களும் கோரிக்கைகளும் சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலருக்குள் தீர்க்கப்படும். பத்திரதாரர்கள் பாதி மதிப்பை ஏற்றுக்கொண்டு பழைய காகிதத்தை ஒப்படைத்தார்கள். அப்போது அதிபர் யார் தெரியுமா? மோக்காவில் சுட்ட அதே காசெரெஸ். ஆக, கொலையால் கடன் தீராமல் போனது என்பது தலைகீழ்ப் பொய். சுட்டவருடைய ஆட்சியில்தான் தீர்ந்தது.

ஒரே ஒரு விதிவிலக்கைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இதை வைத்துத்தான் ஆட்களைக் குழப்புகிறார்கள். 1907 உடன்படிக்கைப்படி, பழைய கடனை அடைக்க 2 கோடி டாலருக்கு 5 சதவீத வட்டியில் புதிய பத்திரங்கள் 1908ல் வெளியாயின. அவற்றுக்குப் பின்னால் அமெரிக்க ஏற்பாடு உண்மையிலேயே இருந்தது. சுங்க வசூல் அதிகாரி ஒவ்வொரு மாதமும் முதல் தேதி 1,00,000 டாலரை நியூயார்க்கில் உள்ள நிதி முகவரிடம் கட்ட வேண்டும். ஆண்டு வசூல் 30 லட்சம் டாலரைத் தாண்டினால் மிகுதியில் பாதி கடனை அடைக்கப் போகும். கவனியுங்கள், இங்கேகூட அமெரிக்கா "நான் தருகிறேன்" என்று சொல்லவில்லை. "வசூலித்துக் கொடுக்கிறேன்" என்று மட்டும்தான் சொன்னது. அந்தப் பத்திரங்கள் ஒழுங்காகத் திருப்பித் தரப்பட்டன. தரகர் இந்த 1908 ஏற்பாட்டின் கதையை எடுத்து 1897 காகிதத்தின் மேல் ஒட்டி விற்கிறார். எனவே பத்திரத்தில் முதலில் ஆண்டைப் பாருங்கள். 1897 என்றால் லிலிஸ் காலத்தது, பாதி மதிப்புக்குத் தீர்க்கப்பட்டது. 1908 என்றால் லிலிஸுக்குச் சம்பந்தமே இல்லாதது, முழுதாகத் தீர்க்கப்பட்டது. இரண்டிலும் உங்களுக்கு வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை. 1940ல் அமெரிக்கச் சுங்க நிர்வாகமும் முடிந்தது, 1947ல் மிச்சமிருந்த வெளிநாட்டுக் கடனையும் அந்த நாடு கட்டி முடித்தது.

வெட்டப்படாத வட்டிச்சீட்டைக் காட்டி மயக்குகிறார் இல்லையா? ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு சீட்டை வெட்டிக் கொடுத்து வட்டி வாங்குவது அந்தக் காலத்து முறை. சீட்டு மிஞ்சியிருக்கிறது என்றால் அந்தத் தவணைக்கு யாரும் பணம் வாங்கவில்லை என்று பொருள். சேகரிப்பவர்களுக்கு அது அழகு, கடன்காரரிடம் நீட்டும் சீட்டு ஆகாது. 1907 பரிமாற்றத்துக்குப் போன பத்திரமாக இருந்தால் துளை போட்டோ முத்திரை குத்தியோ ரத்து செய்த அடையாளம் இருக்க வேண்டும். அடையாளம் இல்லையென்றால் யாரோ வீட்டு அலமாரியில் மறந்துவிட்டார்கள்.

இந்த விஷயத்தில் எனக்குப் பொறுக்காத ஒன்று உண்டு. ஏலப் பட்டியல்களில் இத்தகைய காகிதத்துக்குக் கீழே "பணம் தரப்படாதது" என்று மட்டும் அச்சிடுகிறார்கள். 1907ல் தீர்ந்தது என்று இன்னும் ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? வங்கியில் போய்க் கேட்டால் எங்கள் துறை இல்லை என்கிறார்கள், தூதரகத்துக்கு எழுதினால் பதில் வருவதில்லை. இந்த மௌனத்தில்தான் 250 யூரோ பதிவுக் கட்டணம் முளைக்கிறது. பதிவு, சரிபார்ப்புச் சான்றிதழ், கூட்டு வழக்கு நிதி என்று பெயர் மாறும், பை ஒன்றுதான்.

இலவச பெசோவையும் பார்த்துவிடுவோம். 1897 தேதியும், பாரிஸ் நாணயச்சாலையைக் குறிக்கும் ஏ என்ற எழுத்தும் உள்ள பெசோ 25 கிராம் எடை. அதில் வெள்ளி 1000க்கு 350 பங்குதான், அதாவது 8.75 கிராம். மீதி மட்ட உலோகம். 1891ல் இதே ஆட்சியில் வந்த 5 பிராங்கோ நாணயம் அதே 25 கிராமில் 1000க்கு 900 பங்கு வெள்ளி. ஆறே ஆண்டில் நாட்டின் நாணயம் எவ்வளவு தேய்ந்தது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியும்: பழையது வெள்ளியாகவே கறுக்கும், 1897 நாணயம் மேடான இடங்களில் தேய்ந்து மஞ்சளும் சிவப்புமாகப் பல்லிளிக்கும். 25 கிராம் சுத்த வெள்ளி என்று கணக்குப் போட்டு அவர் விலையைக் கூட்டியிருந்தால், கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஏற்றியிருக்கிறார்.

இவ்வளவுக்குப் பிறகும் லிலிஸ் காலத்து நினைவாக ஒன்றைச் சட்டம் போட்டு மாட்ட ஆசை என்றால், ஒன்றே ஒன்று வாங்குங்கள். பணம் கொடுப்பதற்கு முன் இரு பக்கமும் வட்டிச்சீட்டுத் தாளும் தெரியப் படம் கேளுங்கள். கையில் எடுத்ததும் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்து ஓரத்து வேலைப்பாட்டைப் பாருங்கள். பழைய அச்சில் கோடுகள் முறியாமல் ஓடும், இன்றைய கலர் பிரதியில் சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சிதறும். பன்னிரண்டு பத்திரத்துக்கும் வரிசை எண் வேறு வேறா என்று பாருங்கள், இரண்டில் ஒரே எண் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வாங்கியதை லேமினேட் செய்யாதீர்கள், சூடு பட்டால் பழைய காகிதம் கெட்டுவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. ரசீதில் "சேகரிப்புப் பொருள், பணமாக மாற்ற முடியாதது" என்று அவர் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் ஒன்றைக்கூட வாங்க வேண்டாம்.